மற்றும் பலர்

ஏழு பக்கக் கட்டுரை. இரண்டாயிரத்து ஆறில் வந்தது.
இதுவரை ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் பேர்
மேற்கோள் காட்டியிருப்பதாக
பணிநிறைவு விழாவில் டீன் வாசித்தார்:
கே. மயிலாத்தாள், மற்றும் பலர்.
பாஸ்டனிலிருந்து திரையில் பேசியவர் வாயில்
அது 'மைலா தால்' ஆனது.
"பருப்பாக்கிப் போட்டாங்க பாருங்" என்று
காபி வேளையில் சிரித்தார்.

நான் பதிவறை எழுத்தராக இருந்தவன்.
எண்பத்தாறில் அவர் பீளமேட்டுக்கு வந்தபோது
ஆய்வகம் என்பது மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை.
கரண்ட் போனால் மைக்ரோஸ்கோப்பின் கண்ணாடியை
சன்னல் வெயிலுக்குத் திருப்பி மஜ்ஜை பார்ப்பார்.
கெட்ட செல் எப்படி இருக்கும் என்று ஒருநாள் கேட்டேன்.
"பஞ்சு கொஞ்சூண்டு, கொட்டை பெருசுங்."

கட்டுரையில் எனக்குப் புரிவது ஒரே ஒரு படம்.
மேலே தொடங்கிப் படிப்படியாய் இறங்கும் கோடு.
ஒரு படி இறங்கினால் ஓர் ஆள் போய்விட்டார்.
கோட்டின்மேல் அங்கங்கே குட்டிக் குச்சிகள்:
இருக்கிறாரா இல்லையா தெரியாது,
வருவதை நிறுத்திவிட்டார்.

முதலில் முப்பத்தொரு குச்சி இருந்தது.
தப்பில்லை, உலகத்தில் எல்லோரும்
அப்படித்தான் அச்சிடுகிறார்கள் என்றார் புள்ளியியல்காரர்.
அம்மா பேனாவை மூடினார்.
"அத்தனையும் நம்ம பஸ் போற ஊருங்.
தெரியாதுன்னு எப்படி எழுதறது?"

மறுநாள் என் கையில் ஒரு நோட்டு,
அவர் பையிலிருந்து பஸ் காசு.

சோமனூரில் தறிச் சத்தத்தில்
முதலாளியின் காதோடு கத்தவேண்டியிருந்தது.
அவர் விரலைத் தூக்கி மேலே காட்டினார்.
ஓட்டைத்தான் காட்டுகிறார் என்று
கொஞ்ச நேரம் நினைத்தேன்.
வெள்ளகோவிலில் பெயரே பொய்.
பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம்,
வீட்டில் சீக்கு என்று வெளியே தெரியக்கூடாதாம்.
'வேப்பமரத்துக்கு எதிரே, மூலனூர்' என்றொரு விலாசம்.
ஒன்பது வேப்பமரம்வரை எண்ணினேன்,
கடைசி பஸ் வந்துவிட்டது.

திருப்பூரில் ஒருவர் உயிரோடிருந்தார்.
சாயப்பட்டறை. முழங்கைவரை அன்றைய ஆர்டரின் நீலம்.
மாத்திரை விலை கட்டுப்படியாகாமல்
ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று வருஷமாக.
திட்டப்போகிறேன் என்று நினைத்து
கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

நோட்டில் அந்த வரியை அம்மா
கேன்டீன் டீ ஆறும்வரை பார்த்தார்.
அதே மாதிரி விட்டு விட்டுத் தின்ற வேறு இரண்டு பேர்
இருபதாம் பக்கத்திலும் இருபத்து மூன்றிலும்
இறந்திருந்தார்கள்.
அதையும் பார்த்தார்.

அப்புறம் பதினோரு வருஷம் அந்த ஒரே கேள்வி:
யாருக்குக் குறைக்கலாம், யாருக்குக் கூடவே கூடாது,
ரத்தத்தைக் கேட்டே சொல்ல முடியுமா.
இரண்டு முறை பணம் இல்லை என்றார்கள்.
"நோயாளி ஏன் மருந்தைக் குறைக்க விரும்புவார்?"
பெயர் தெரியாத ஒரு மதிப்பீட்டாளர் கேட்டார்.
பதிலைத் தட்டச்சு செய்தது நான்தான். ஒரே வரி:
ஒரு மாத மாத்திரை, இரண்டு மாதத் தறிக்கூலி.

இப்போது எனக்கு வாசிக்க வராத ஊர்களிலெல்லாம்
டாக்டர்கள் அவர் அட்டவணையைப் பார்த்து
சிலருக்கு மட்டும் குறைக்கிறார்களாம்.
டீன் சொன்னார், கைதட்டினோம்.
நீலக் கைக்காரருக்கும் அழைப்பு போயிருந்தது.
ஆர்டர் நேரம், வரவில்லை.

அச்சில் இன்னும் நான்கு குச்சி இருக்கிறது.
கூட்டம் கலைந்தபின் சால்வையை மடித்தபடி கேட்டார்:
"ஏனுங்ணா, ஞாயித்துக்கிழமை சோலி ஏதாச்சும் இருக்குதுங்ளா?"

சிங்காநல்லூர் பஸ் நிலையம். காலை ஏழே கால்.
அவர் மடியில் அந்தப் பழைய நோட்டு.
இருபது வருஷத்தில் ரோட்டை அகலப்படுத்தியிருப்பார்கள்,
மரம் இருக்குமோ என்னமோ என்றேன்.
காதில் விழாதது போல
கண்டக்டரிடம் காசை நீட்டினார்:
"மூலனூர் ரெண்டுங்."