வலது கை எங்கே?

ஜூன் மாதம் புன்டா அரேனாஸில்
காலை பத்து மணிக்குத்தான் விடியும்.
என் பார்சல் கவுன்டர் ஒன்பதுக்கே திறந்துவிடும்.
அந்த ஒரு மணி நேர இருட்டில் வருகிறவர்கள்
பெரும்பாலும் ஆன்லைனில் புதிதாக விற்கத் தொடங்கியவர்கள்.
பார்த்தாலே தெரியும்.
பெட்டியைப் பச்சைக் குழந்தைபோல ஏந்தியிருப்பார்கள்,
டேப் மட்டும் ஒரே ஒரு சுற்று.

ஒதிலியா மன்சில்யா அப்படித்தான் வந்தாள்.
மீன் ஆலையில் வேலை போய் ஆறு வாரம்.
கலஃபாத்தே பழ ஜாம், பன்னிரண்டு ஜாடி,
அரிகாவுக்கு.
நாட்டின் அந்தக் கோடி அரிகா,
இந்தக் கோடி நாங்கள்.
"இலவச டெலிவரி என்று போட்டுவிட்டேன்."
தராசு பார்த்துச் சொன்னேன் தொகையை.
"ஜாமை நிறுத்துத்தானே விலை வைத்தேன்!"
ஜாடியை நிறுக்கவில்லை.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
நோட்டுகள் தீர்ந்து
கோட்டுப் பையின் ஓட்டைக்குள் விரல்விட்டு
நாணயம் தேடினாள்.

போனை நீட்டிக் கடையைக் காட்டினாள்.
சமையலறை ட்யூப்லைட்டில் எடுத்த படம்.
ஊதா நிற ஜாம்
லாரியிலிருந்து வடித்த எஞ்சின் ஆயில் மாதிரி இருந்தது.
பக்கத்தில் ஒரு கரண்டிகூட இல்லை.
ஜாடி கட்டைவிரல் அளவா வாளி அளவா என்று
வாங்குகிறவர் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.
விவரக் குறிப்பு வேறொரு கடையில் எடுத்தது,
மூன்றாம் வரியில்
"எங்கள் தெமூக்கோ தோட்டத்துத் தேன்" என்று அப்படியே இருந்தது.
கையிருப்பு: நூறு.
"நூறு ஜாடி இருக்கிறதா?"
"பதினேழு. நூறு என்றால் பெரிய கடை மாதிரி இருக்குமே."
ஐந்து நட்சத்திர விமர்சனம் ஒன்று,
எழுதியவரும் ஒரு மன்சில்யா.
"அண்ணன்" என்றாள், தரையைப் பார்த்து.

மூன்றாவது வாரம் பெட்டி திரும்பி வந்தது,
பெட்டிக்கு முன்னால் வாசனை வந்தது.
ஏழு ஜாடி உடைந்திருந்தன.
நடுவே திணித்திருந்தது ஒரே ஒரு செய்தித்தாள்,
அதிலும் வானிலைப் பக்கம்.
கவுன்டரைத் துடைக்கையில்
கண்ணாடித் தூள் இருக்கும் என்று தெரிந்தும்
விரலை நக்கினேன்.
இந்த ருசியைப் பற்றி
அவள் கடையில் ஒரு சொல் இல்லை.

ஒற்றை நட்சத்திரம் விழுந்தது.
இரவு மூன்று மணிக்குப் பதில் போட்டிருக்கிறாள்,
வார்த்தைகளைவிட ஆச்சரியக்குறிகள் அதிகம்.
"அதை அழிக்க முடியுமா, செனோர் நிபால்தோ?"
நான் தபால்காரன். முத்திரை குத்தத்தான் தெரியும்,
குத்தியதை எடுக்கத் தெரியாது.

ஆறுதலுக்குச் சொல்ல வேறொன்றும் இல்லாததால்
யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.
என் கட்டிலுக்கடியில் மூன்று மூட்டை.
போன வருஷம், பாதிக்கும் பாதி விலையில்,
மொத்தமாக வாங்கிய கம்பளிக் கையுறை, இருநூறு.
மாதிரி கேட்கவில்லை.
படத்தில் ஒன்றுதான் தெரிந்தது,
இன்னொன்று அதற்குப் பின்னால் இருக்கும்
என்று நானே நினைத்துக்கொண்டேன்.
இருநூறும் இடது கை.

அவள் சிரித்த சிரிப்பில்
வரிசையே திரும்பிப் பார்த்தது.
சட்டென்று நிறுத்தினாள்.
"ஒரு கையுறைக்குள் ஒரு ஜாடி போகுமா?"

போயிற்று. இறுக்கமாக, மூடி வரைக்கும்.
ஐந்து விரல்களும் வெறுமையாக மடங்கிக்கொண்டன.
அன்று முதலில் காலிப் பெட்டியை நிறுத்தாள்,
பிறகு ஜாடியை, பிறகு கையுறையை,
ஒவ்வொரு எண்ணையும் பழைய மின்கட்டண ரசீதின் பின்னால் எழுதி.
நண்பகல் வெளிச்சம் இருக்கும்போதே
ஜன்னலோரம், ரொட்டியும் கரண்டியும் வைத்துப் படம்.
தேனை எடுத்துவிட்டாள். அண்ணனை எடுக்கவில்லை.
அரிகாவுக்கு மறுபடி பன்னிரண்டு, தன் செலவில்.
கையுறைக்கு நான் காசு கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

ஜூலையில் ஒருநாள், ஒன்பது அடித்து ஐந்து நிமிடம்,
போனோடு ஓடி வந்தாள்.
அரிகாக்காரர் மாற்றி எழுதியிருந்தார்:
"ஜாம் பிரமாதம். ஒன்றும் உடையவில்லை.
இங்கே குளிரே கிடையாது, பாலைவனம்.
இருந்தாலும் கேட்கிறேன்,
பன்னிரண்டுக்கும் வலது கை எங்கே?
மூன்று நட்சத்திரம்."

"இப்போதே பதில் எழுதிவிடவா?"
வெளியே தெருவிளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன.
விடியட்டும் என்றேன்.