இசட் எண்பது புள்ளி மூன்று

ஐந்து ரோட்டில் மூன்றாம் மாடி.
கீழே செருப்புக்கடை ஷட்டர் இறங்கும்போது
எங்களுக்கு விடியும்.
ஒஹையோவில் யாரோ ஒருத்தி
காகித அங்கியோடு காத்திருந்ததை
இங்கே நான் எண்ணாக்குகிறேன்.
ஒரு சார்ட்டுக்கு நான்கு நிமிடம்.
பெயர் மறைத்து வரும். வயது வரும்.
நாற்பத்தொன்று. வலி இல்லை. கட்டி இல்லை.
சும்மா பார்த்துக்கொள்ள வந்திருக்கிறாள்,
அதற்கு ஓர் எண், அது முதலில்.
பிறகு டாக்டர் எழுதிய அரை வரி:
தாய்க்கு மார்பில் புற்று.
அதற்கு
இசட் எண்பது புள்ளி மூன்று.

எண்பது என்றால் குடும்பத்தில் யாருக்கோ.
எண்பத்தைந்து என்றால் அவளுக்கே வந்து போனது.
மாற்றிப் போட்டால்
அம்மாவின் நோயை மகள் உடம்பில் ஏற்றிவிடுவோம் என்பாள் ஜெர்லின்,
எங்கள் டீம் லீடர், என்னைவிட மூன்று வயது சின்னவள்,
கம்மலைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுத்தான்
ஹெட்போன் போடுவாள்.
அவளுடைய இன்னொரு விதி
மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது:
எழுதாதது நடக்கவில்லை.
ஊகிக்காதே.

செவ்வாய்க்கிழமை ஊகித்தேன்.
தாய் இறந்தார், வயது நாற்பத்தாறு.
அவ்வளவுதான் இருந்தது அந்தப் பக்கத்தில்.
நாற்பத்தாறைப் பார்த்ததும் விரல்கள்
தாமாக எண்பது புள்ளி மூன்றை அடித்துவிட்டன.
ஆடிட்டில் திரும்பி வந்தது, சிவப்பில்:
ஆதாரம் எங்கே?

ஆதாரம் கொண்டலாம்பட்டியில் இருக்கிறது.
பீரோ மேல்தட்டில்,
பழைய கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில்,
ரப்பர் பேண்டு உருகி ஒட்டிய பழுப்பு உறையில்.
பூவாயி, பெண், நாற்பத்தாறு.
ஊருக்கு மஞ்சள் காமாலை என்றோம்.
அவளுடைய அக்கா அத்தாயி போனபோது
நெஞ்சுவலி என்றோம்.
நெஞ்சு என்பது வரைக்கும் பொய்யில்லை.
கோகிலவாணிக்கு ஓர் இடம் அமையட்டும்,
அதுவரை வாயைத் திறக்காதீர்கள் என்றார் மாமா.
மாமா கோடிங் படித்தவர் அல்ல.
மரவள்ளி லோடு ஏற்றி
ஜவ்வரிசி ஆலைக்கு அனுப்புகிறவர்.
ஆனாலும் ஜெர்லினின் விதி
அவருக்கு மனப்பாடம்.

சனிக்கிழமை சாயங்காலம் அஸ்தம்பட்டி ஸ்கேன் சென்டர்.
ஏற்காட்டு மலைமேல் மழை இருட்டியிருந்தது, இங்கே புழுக்கம்.
துணைக்குத் தங்கை, துணைக்குத் துணையாக மாமா.
எதிர் நாற்காலியில், வேண்டுமென்றே வந்ததுபோல,
எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர் மனைவி.
வரவேற்பில் இருந்த பெண் நிமிராமல் கேட்டாள்,
சத்தமாக:
வீட்ல யாருக்காச்சும் கேன்சர் இருந்திருக்காக்கா?

மாமா தொண்டையைச் செருமினார்.
தினம் தொண்ணூறு முறை எழுதுகிறவள் நான்.
அந்தச் சொல் வரவில்லை.
இசட் எண்பது புள்ளி மூன்று என்றேன்.
அது என்னக்கா, டோக்கன் நம்பரா?
உங்க டோக்கன் பதினேழு.

கோகிலா சிரித்துவிட்டாள்.
சிரிப்பை அடக்க முடியாமலே சொன்னாள்,
காய்காரனைக் கூப்பிடும் அதே குரலில்:
எங்கம்மாவுக்கு. மார்புல.
பெரியம்மாவுக்கும் அதே.
எனக்கும் ஒரு ஃபாரம் குடுங்க.

மாமா கைப்பேசியில் எதையோ தேடத் தொடங்கினார்.
மளிகைக்காரர் மனைவி எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள்.
திரும்பி வந்து
எங்களுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
பையிலிருந்த கொத்தமல்லியை
ஒருமுறை எடுத்துப் பார்த்து மறுபடி வைத்தாள்.

உறவுமுறை என்ற கட்டம் மிகச் சின்னது.
அதற்குள் இரண்டு பேரை நெருக்கி எழுதிய பெண்
பூவாய் என்று முடித்துவிட்டாள்.
யி, என்றேன். கடைசியில் யி வரும்.
அடித்துவிட்டுத் திருத்தினாள்.

ரிசல்ட் வியாழக்கிழமை.
வெளியே மாமா எதுவும் பேசாமல்
மூன்று தட்டுவடை செட் சொன்னார்.
காரம் தூக்கலாவா என்று கேட்டான் கடைக்காரன்.
யாரும் வாய் திறப்பதற்குள்
அவனே ஊகித்துப் போட்டுவிட்டான்.
கண்ணில் நீர் வரச் சாப்பிட்டோம்.
எட்டரைக்கு எனக்கு ஷிஃப்ட்.