இருபது சதவீதம்

குழித்துறை கோர்ட்டுக்கு எதிரே,
ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி.
படியேறும்போது கம்பியைப் பிடிக்க
வலது கைதான் முதலில் நீண்டது.
பிறகு நினைவு வந்து இடது.

வக்கீல் ஷைலஜாவுக்கு என்னைவிட வயது குறைவு.
மேசையில் பாதி குடித்த கட்டன் சாயா.
"காட்டுங்க" என்றார்.
துண்டை அவிழ்த்தேன்.
நாலு மாசத்தில்
முகம் சுளிக்காமல் பார்த்தது இவர்தான்.
டாக்டர்கூட கடிகாரத்தைப் பார்த்தார்.

புத்தகத்தில் விரலுக்கு விரல் கணக்கிருக்கிறது.
சுட்டுவிரல் முழுசாகப் போனால் பதினான்கு.
நடுவிரலுக்குப் பன்னிரண்டு.
நான் கூட்டினேன், இருபத்தாறு.
"அப்படியில்ல. ஒரு கையில ரெண்டும் சேந்து போனா
இருபது சதவீதம்."

ரோலரிடம் சொல்லியிருக்கலாம்,
இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று.
சொல்லிவிட்டு நானே சிரித்தேன்.
அவர் பேனாவை மூடி வைத்தார்.

அருமனைக்குப் போகிற ரோட்டில் ஷெட்.
ஆசிட் விட்டு உறைந்த பால் வெள்ளைப் பலகையாக வரும்.
அன்றைக்கு ஷீட் மடிந்தது.
மடிப்பை எடுக்கப் போனேன்.
சுவிட்ச் சுவருக்கு அந்தப்பக்கம்.
லாலி ஓடிப்போய் அணைப்பதற்குள்
என் விரல்கள்
ஷீட்டின் தடிமனுக்கு வந்திருந்தன.

முதலாளி ஜீப் அனுப்பினார், ஐயாயிரம் தந்தார்.
நோட்டீசுக்கு வந்த பதில் வேறு:
மேற்படி நபர் எங்களிடம் வேலை செய்தவர் அல்லர்.
ஒட்டுப்பால் வாங்க வந்த இடத்தில்
தன் கவனக்குறைவால்…

மேற்படி நபர்.
ஒன்பது வருஷமாக அங்கே எனக்குப் பெயர் லில்லிபாய்.

பதிவேடு இல்லை, சம்பளம் கையில்.
இருந்தது ஒரு நோட்டு.
எத்தனை லிட்டர் பால், எத்தனை கிலோ ஷீட்,
தினமும் எழுதினது நான்.
லாலி அதைக் குடைக்குள் சுருட்டிக் கொண்டுவந்தாள்.
அவள் இன்னும் அங்கேதான் வேலைக்குப் போகிறாள்.

"உங்க எழுத்துதானா?"
"எனக்க எழுத்துதான்."
"எழுதிக் காட்டச் சொல்லுவாங்க."
ரெண்டுபேரும் கொஞ்சநேரம்
பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற சத்தம்.

"பழைய எழுத்து வேற எங்கயாவது கிடக்கா?"

வீட்டில் தேடினேன். மளிகைச் சீட்டு,
மகன் ஜெனிஷின் லீவு லெட்டர் ஒன்று, பாதி கிழிந்தது.
ராத்திரி ரெண்டு மணிக்கு ஞாபகம் வந்தது,
பெண்கள் சங்கத்துக்கு நான் மூணு வருஷம் செக்ரட்டரி.
அறுப்பின் பண்டிகை ஏல நோட்டு
கோயில் அலமாரியில்.

கமிட்டியைக் கேட்கணும் என்றார் போதகர்.
கமிட்டியில் முதலாளியும் உண்டு.
"பார்க்கலாமா, பார்க்க மட்டும்?"
பார்க்க விட்டார்.
இடது கையால் போனைப் பிடித்து
படம் எடுக்க ஆறு தடவை ஆயிற்று.
ஐந்தில் என் முழங்கை.

வக்கீல் அதைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தார்.
"அசலை ஆணையர் மூலமா கேக்கலாம்.
வக்காலத்துல ஒப்புப் போடுங்க."
பேங்கில் கைநாட்டு வைக்கச் சொன்னார்கள்,
பெருவிரல் மிச்சம் இருக்கே என்று.
இங்கே இடது கையால் எழுதினேன்.
லி கோட்டைத் தாண்டிப் போய்விட்டது.

படத்தில் இருப்பது ஒரு வரி.
வருக்கைச் சக்கை ஒன்று, 770.
ஏழுக்குக் குறுக்கே கோடு போடுவது என் பழக்கம்,
ஷெட் நோட்டில் எல்லாப் பக்கத்திலும் உண்டு.
ஏலம் எடுத்தவர்: தாசையன்.
பக்கத்தில், பச்சை மையில்,
அவருக்க கையெழுத்து.