காட்டுக்கடியில்

லோரோங் கூலிட்டில் ஞாயிறு காலை
தார்ப்பாய்மேல் குவிந்து கிடக்கிறது ஜப்பான்.
முழங்கை வரை விட்டுத் துழாவுகிறேன்.
கம்பளியா கலப்படமா என்று
விரல்தான் முதலில் சொல்லும், கண் அப்புறம்.
கிடைத்தது: சாம்பல் நிறத்தில் ஆண்பிள்ளைக் கோட்டு.
என்னையும் என்னைப்போல் இன்னொருத்தியையும்
உள்ளே விட்டுப் பொத்தான் போடலாம்.
"லீமா ரிங்கிட்" என்றார் அஜீஸ்.
பொத்தான் ஒன்று இல்லையே என்று காட்டினேன்.
"சரி, நாலு ஐம்பது.
மிச்சத்துக்குத் தே ஓ குடி."

ஜெலுத்தோங், பதினோராவது மாடி.
வெந்நீர் ஆகாது, சுருங்கிவிடும்.
பச்சைத் தண்ணீர், ஒரு மூடி ஷாம்பூ,
மூன்று நாள் நிழல்.
அந்துருண்டை வாசம் போக இன்னும் ஒரு நாள்.

பிறகு பிரித்தேன்.
கத்தரியை முதலில் எடுப்பவர்கள் அவசரக்காரர்கள்.
நாலு தையலுக்கு ஒன்றாக நூலை அறுத்து
மறுபுறம் திருப்பி இழுத்தால்
சண்டை போடாமல் கழன்று வரும் கை.

உள்பைக்கு மேலே, லைனிங்கில்,
கத்தரிப்பூ நூலில் இரண்டு எழுத்து.
கீழ்மாடி சியூ பெங்கிடம் கொண்டு போனேன்.
மீன் வறுத்துக்கொண்டிருந்தாள்.
கை துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து,
"முதல் எழுத்து காடு. அடுத்தது கீழே.
ஜப்பான்காரன் வாயில் இது எப்படி வருமோ,
அது எனக்குத் தெரியாது."

ஆக, திருவாளர் காட்டுக்கடியில்.
மார்பு நாற்பத்தாறு.
பேனா கசிந்த தடம் பையின் அடியில்.
இடது தோளில் மட்டும்
பஞ்சுத் திண்டு இரண்டடுக்கு.
தோள் தாழ்ந்த மனிதர்.
ஊருக்குத் தெரியாமல் அதை
எவனோ ஒரு டெய்லர் உள்ளேயே வைத்து மூடியிருக்கிறான்.
இரண்டு திண்டையும் பிய்த்துக்
கந்தல் பையில் போட்டேன். பெண்ணுக்கு எதற்கு?

முதுகுக்கு, ரொஸ்னா கொடுத்த பாத்தேக் சாரோங்.
நீலத்தில் செம்பருத்தி,
நடுவே கொசுவர்த்தி சுட்ட ஓட்டை.
ஓட்டையை எங்கே ஒளிப்பது என்று இரண்டு ராத்திரி.
மூன்றாம் ராத்திரி அந்த இடத்தையே மடித்து
இடுப்பில் ஒரு கொசுவம் வைத்தேன்.
இப்போது அது ஸ்டைல்.
கழற்றிய கைகள் இரண்டும் சேர்ந்து இடுப்புப் பட்டை.
காலர் அப்படியே. அதைத் தொட எனக்குத் தைரியம் இல்லை.
பாபின் நூல் தீர்ந்தது தெரியாமல்
ஒரு முழம் வெறுமனே ஓட்டியதை
இங்கே சொல்லாமலும் விடலாம்.

புவனேந்திரன் கல்யாண விருந்துக்கு
ஃபெர்ரியில் பட்டர்வொர்த் போனேன்.
கடல் காற்றில் பின்பக்கச் செம்பருத்தி
என்னைவிட முந்திக்கொண்டு கரையேறப் பார்த்தது.
மண்டபத்தில் பெண் வீட்டு அம்மாள்
துணியை இரண்டு விரலால் நிமிண்டிக்கொண்டே கேட்டார்,
"என்ன பிராண்டு?"
முன்மடிப்பை விலக்கி எழுத்தைக் காட்டினேன்.
"காட்டுக்கடியில்."
"ஜப்பானா?"
"ஜப்பான்தான்."
"ஐந்நூறு இருக்குமா?"
"அவ்வளவு ஆகாது" என்றேன்,
பொய் சொல்லாத திருப்தியோடு
இன்னொரு கரண்டி பிரியாணி போட்டுக்கொண்டேன்.

வீடு வந்து செருப்பைக் கழற்றும்போதே
குடும்பக் குழுவில் படங்கள் வந்துவிட்டன.
எல்லாரும் நேராக நிற்கிறார்கள்.
நான் மட்டும் இடப்பக்கம் சாய்கிறேன்.
படம் எடுத்தவன் கோணல் என்று நினைத்தேன்.
பெரிதாக்கினேன். பின்னால் தூண் செங்குத்து.
பயான் லெப்பாஸில் பதினான்கு வருஷம்
நுண்ணோக்கிக்கு ஒரே பக்கமாகக் குனிந்த உடம்பு.
ஒருவரும் சொன்னதில்லை.
கண்ணாடியும் சொன்னதில்லை.

இரவு ஒன்றரை மணி.
கந்தல் பையைத் தரையில் கவிழ்த்து
ரவிக்கைத் துண்டு, அறுந்த எலாஸ்டிக்,
ஜீன்ஸ் கால் ஒன்று எல்லாவற்றையும் விலக்கித்
தேடுகிறேன்,
அந்த இரண்டடுக்குத் திண்டை.
மெஷின் ஊசியில்
சாம்பல் நூல் இன்னும் இருக்கிறது.