வலை எங்களுடையது

குளச்சல் துறையில் ஏலம் என்றால்
நெய்மீனை வாலைப் பிடித்தாவது தூக்கிக் காட்டுவார்கள்.
எங்கள் ஆட்களை விற்றபோது அதுவும் இல்லை.

ததேயு மஞ்சேரிக்கு.
இடதுகால் பெல்சன் கோழிக்கோட்டுக்கு.
கோலி சைரஸ் போன இடம்
அவன் அம்மைக்கே செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது.

மார்த்தாண்டத்து நகைக்கடை முதலாளி
"டீமைப் புதுசா கட்டப்போறோம்" என்கிறார்.
என்னத்த வச்சு ஓய்?
கொடிக்கம்பமும் ஒரு செண்டையும்தானே மிச்சம்.

என் சட்டை முதுகில் ததேயுவின் பெயர்,
எழுநூற்றைம்பது ரூபாய்.
இரண்டாம் துவைப்பில் 'யு' உரிந்துவிட்டது.
கிளாடிஸ் இப்போது என்னை
"ததே, சோறு ஆறுது" என்று கூப்பிடுகிறாள்.

வள்ளம் கரையேறும் ஒவ்வொரு நாளும்
நூற்றுக்கு ஒரு ரூபாய் மைதான விளக்குக்குக் கொடுத்தோம்.
கணக்கு கேட்டால்
மேனேஜர் ரெஜீஸ் சாயா வாங்கித் தருவான்,
கூட ஒரு பழம்பொரி.

முதல் ஆட்டத்துக்கு முந்தின ராத்திரி
நானும் லீனசும் அவன் மச்சானும்
வாணியக்குடி மைதானத்தில் கோல்கம்பத்து வலையை அவிழ்த்தோம்.
லீனசின் பழைய வலை அது,
நாங்கள் உட்கார்ந்து முடிந்து கொடுத்தது.
ரசீது இல்லாததால்
முதலாளி விற்க மறந்திருந்தார்.

மறுநாள்
பெயர் தெரியாத ஒரு பையன் அடித்தான்.
நல்ல அடி, பொய் சொல்லக்கூடாது.
கம்பங்களுக்கு நடுவே புகுந்த பந்து
தடுக்க எதுவுமில்லாமல்
மணலில் உருண்டு உருண்டு
கடலுக்குள் போயிற்று.

ரெஃப்ரி விசிலை வாயில் வைத்தபடி நின்றார்.
மதில்மேல் இருந்த எனக்கு
கை பாதி தூரம் எழுந்துவிட்டது.