முப்பத்தொன்பது மணி நேரம்

வரைபடத்தில் பதினொரு கிலோமீட்டர்தான் ட்ரெப்லா.
சுண்ணாம்புப் பாறையின் அடிவயிற்றில் ஊறி
ஹாஸிமின் மாவு ஆலைக்குப் பின்னால் வெளிவருகிறது,
ஆகஸ்டிலும் பல் கூசும் குளிர்.

இரண்டு பாலம். ஒரு மீன் பண்ணை.
கண்ணிவெடிப் பலகை நிற்கும் புல்வெளியைச் சுற்றி
தேவையே இல்லாத ஒரு வளைவு.
அப்புறம் பள்ளத்தில் ஒரு வாய்
விழுங்கிவிடுகிறது, சத்தத்தையும் சேர்த்து.

மலைக்கு அந்தப் பக்கம் எழும் தண்ணீருக்கு
யெலெனிட்சா என்று பெயர்.
அது வேறு ஆறு என்பார் ஹாஸிம்.
அந்தப் பக்கத்தாரும் அப்படியேதான் சொல்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் மெவ்லிதா
மூன்று கிலோ சாயத்தை அந்த வாய்க்குள் கொட்டினாள்.
நான் மறுபக்க ஊற்றில்,
போத்தல்களோடு, வேனுக்குள் கால் நீட்ட இடமில்லாமல்.

வியாழன் விடியலில்
பசுவுக்குத் தண்ணீர் மொள்ள வந்த ஸ்டோயா
வாளியைத் தூக்கிக்கொண்டு வேன் கதவைத் தட்டினாள்.
கிளிப்பச்சை.
"யார் வீட்டு விஷம் இது?"

விஷமில்லை, என்றேன். வெறும் சாயம்.
ஹாஸிம் வீட்டுத் தண்ணீர்.

அவள் வாளியைக் கவிழ்க்கவில்லை.
கொஞ்சநேரம் அதற்குள்ளேயே பார்த்திருந்துவிட்டு
கேட்டாள்:
ஆலை இன்னும் ஓடுகிறதா?