கிலோமீட்டர் 417

ஊருக்கு வேறு பெயர் கிடையாது.
புவெனஸ் அயர்ஸிலிருந்து எவ்வளவு தூரம் என்று
தண்டவாளம் போட்டவன் கம்பத்தில் எழுதினான்.
பிறப்புப் பதிவேட்டிலும் அதையே எழுதிக்கொண்டார்கள்.

நான் போனது எழுபத்தெட்டு ஏப்ரலில்,
மூடிய நிலையத்தின் சாமான்களைக் கணக்கெடுக்க.
ரயில் நின்று ஐந்து மாதம், அதனால் லாரி.
நாலு மணி நேரமும் ஜன்னலில்
புல், வேலி, மாடு, வேலி.

சாவியோடு நின்றார் எவரிஸ்தோ சுபிரி,
கடைசி ஸ்டேஷன் மாஸ்டர்.
சீருடையின் ஐந்து பொத்தானும் பூட்டியிருந்தன.
"எண்ணுங்கள்" என்றார்.

பெஞ்சு இரண்டு.
கம்பெனிக்காரன் எழுத்தைச் சுரண்டிவிட்டு
மேலே அரசாங்கத்தின் எழுத்து.
சுரண்டியது போதவில்லை, இரண்டும் தெரிந்தன.
கடிகாரம் ஒன்று, ஓடவில்லை.
மணல் வாளி பதினாறு.

இத்தனை எதற்கு?
முப்பத்து மூன்றில் வெட்டுக்கிளி வந்தது, என்றார்.
தண்டவாளத்தில் நசுங்கி நசுங்கி எண்ணெயாகி
சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியதாம்.
பயணிகள் இறங்கித் தொப்பியில் மணல் அள்ளிப் போட்டார்கள்,
ஒரு பாதிரியார் உட்பட,
கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே.

சரக்குப் பேரேடு பதினொன்று.
எண்ணினால் போதும். நான் படித்தேன்.
பால் கேன், பால் கேன், கோதுமை,
சவப்பெட்டி ஒன்று, காலி. பால் கேன்.
மறு வாரம் அதே சவப்பெட்டி, காலியில்லை.
'டெல்மிரா ஷ்விண்ட் வகையில் பொதி ஒன்று,
மூன்று கிலோ நானூறு, கட்டணம் இல்லை.'
பிள்ளை, என்றார் சுபிரி.
ஊரில் வேறு தராசு இல்லை.
பிறந்ததெல்லாம் கோதுமை நிறுக்கும் தட்டில்தான் கிடந்தது.
ஒரு பொதிக்கு மட்டும் இரண்டு எடை,
ஒன்பது நாள் இடைவெளியில்.
இரண்டாவது குறைவு.
அப்புறம் அந்தப் பெயரைத் தேடினேன்,
பதினொன்றிலும்.

மணி.
பட்டியலில் 'வெண்கலம், ஒன்று' என்றிருந்தது.
சுவரில் கொக்கிதான் இருந்தது,
அதன் கீழே மணியளவுக்கு வெளுத்த சுண்ணாம்பு.
சுபிரி தன் மூன்றாவது பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அப்போது தெருவுக்கு அப்பால் பள்ளிக்கூடம் விட்டது.
மூன்று அடி, கொஞ்சம் பொறுத்து ஒரு அடி.
எந்தப் பள்ளிக்கூடமும் அப்படி அடிப்பதில்லை.
வண்டி அடுத்த நிலையத்தை விட்டுக் கிளம்பிவிட்டது என்று அர்த்தம்.
எனக்குத் தெரியும், என் அப்பா கேட் கீப்பர்.
பிள்ளைகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடினார்கள்.

கொக்கி ஒன்று, என்று எழுதினேன்.
மணி வழங்கப்பட்டதற்கு ஆதாரம் இல்லை.

அவர் நன்றி சொல்லவில்லை.
தராசைக் காட்டி, "இது?" என்றார்.
பதில் சொல்லாமல் டிரைவரைக் கூப்பிட்டேன்.
ஏற்ற நான்கு பேர் வேண்டியிருந்தது, அதில் ஒருவர் சுபிரி.
எடை என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும்.
அதை நிறுக்க ஊரில் வேறு தராசு இல்லை.
நூற்றெண்பது கிலோ இருக்கும் என்று
கண்ணளவில் போட்டுக்கொண்டேன்.